மூச்சைக் கவனிக்கச் சொல்லும் பள்ளி, பிள்ளையைக் கவனிக்கிறதா?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் கருவறைச் சுவரில், அடிப்பகுதியை ஒட்டி, நாயன்மார்களின் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய கோயில் அது. 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த அடியார் வரிசையில் ஆதனூர்ப் புலையராகப் பிறந்த திருநாளைப்போவாரும், அதாவது நந்தனாரும் ஒருவர். தில்லைக் கோயிலுக்குள் செல்ல ஏங்கிய அவர் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்றும், தீயில் இறங்கி வேதியர் வடிவம் பெற்ற பின்னரே உள்ளே அனுமதிக்கப்பட்டார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அந்தத் தீயில் உண்மையில் நிகழ்ந்தது என்ன என்று தலித் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். புராணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்று தெளிவாகிறது. மாற வேண்டியவராக ஆக்கப்பட்டவர் நந்தனார். மதிலும் அதைக் காத்து நின்றவர்களும் மாற வேண்டியிருக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் குறித்து இன்று நடைபெறும் விவாதங்களைக் கேட்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் பதற்றத்தில் இருக்கிறார்கள், கவனம் சிதறுகிறார்கள், தற்கொலை வரை செல்கிறார்கள் என்று எல்லாத் தரப்பும் கவலை தெரிவிக்கிறது. இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுபவற்றுள் மலிவானதும் எளிதானதுமாகக் கருதப்படுவது தியானம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கண்களை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், மனத்தில் எழும் எதையும் நல்லது கெட்டது என்று எடைபோடாமல் பாருங்கள் என்கிறார்கள். தியானம் நல்லதா கெட்டதா என்பது இக்கட்டுரையின் கேள்வி அன்று. பிள்ளையின் மனத்தைக் காயப்படுத்துவது பள்ளியாகவே இருக்கும்போது, அந்தக் காயத்தை ஆற்றும் பொறுப்பைப் பிள்ளையின் மூச்சிடம் ஒப்படைப்பது நியாயமா என்பதே கேள்வி.

கவலை உண்மையானது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். மகாராட்டிரத்திற்கு அடுத்த இடம் நம்முடையது. அதே ஆண்டில் என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுவதும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான ஏறத்தாழ 3.8 லட்சம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், படிப்பும் தேர்வும் முடிவுகளுமே தங்கள் பதற்றத்திற்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் கூறினர்.

ஒன்றிய அரசு 2020 ஜூலையில் 'மனோதர்ப்பண்' திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2018 ஜூலையில், டெல்லி அரசு தன் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்ற தனிப் பாடவேளையை ஏற்படுத்தியது. தலாய் லாமா அதைத் தொடங்கிவைத்தார். அந்தப் பாடவேளை மனக்கவனப் பயிற்சியோடுதான் தொடங்கியது. ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் இப்பயிற்சியை, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-சின் மன அழுத்தக் குறைப்பு முறையாக வடிவமைத்தார். பௌத்தத் தியானத்திலிருந்து அறவுரைகளையும் சங்கத்தையும் நீக்கிவிட்டு, கவனம் என்ற ஒரு கூறை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். பிறகு அது நிறுவனங்களுக்கும் இராணுவத்திற்கும் பள்ளிகளுக்கும் பரவியது.

பெரிய ஆய்வு தந்த சிறிய விடை

பள்ளிகளில் இப்பயிற்சி உண்மையில் பயன் தருகிறதா? இக்கேள்விக்கு இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளுள் ஒன்று பிரித்தானியாவில் நடைபெற்றது. 'மிரியட்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தினர். 80க்கும் மேற்பட்ட பள்ளிகளைச் சேர்ந்த, 8,000க்கும் மேற்பட்ட பதின்வயது மாணவர்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதிப் பள்ளிகளில் மனக்கவனப் பயிற்சியும், மறுபகுதியில் வழக்கமான சமூக உணர்வுப் பாடங்களும் கற்பிக்கப்பட்டன.

முடிவுகள் 2022 ஜூலையில் வெளியாயின. வழக்கமான பாடத்தைவிட மனக்கவனப் பயிற்சி மாணவர்களின் மனச்சோர்வைத் தடுப்பதிலோ நலத்தைக் கூட்டுவதிலோ மேலானதாக இல்லை. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே அதைச் செய்யவே இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்த பிள்ளைகளுக்கு அது உதவாமல் போயிருக்கலாம், சிலருக்குக் கேடாகவும் அமைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் களைப்பு குறைந்ததும், பள்ளிச் சூழல் ஓரளவு மேம்பட்டதும்தான் அதில் கண்ட நற்பயன்கள்.

இந்த விடை நமக்கு முக்கியமானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பயிற்சியை ஒரே மணியடிப்பில் கொடுப்பதால், மிகவும் துன்புறும் பிள்ளைக்கே குறைவான பயன் கிடைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளியில் மிகவும் துன்புறும் பிள்ளை யார் என்று கேட்டால், விடையில் சாதி வராமல் இருக்காது. ஆனால் மாணவர் தற்கொலை பற்றிய அரசு அட்டவணைகளில் சாதி வருவதில்லை. எண்ணப்படாத துன்பத்திற்கு மருந்தும் எழுதப்படுவதில்லை.

நாங்குநேரி மாணவனின் வருகைப் பதிவு

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். அந்த இரவைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதற்கு முந்தைய நாள்களைப் பற்றிப் பேசியது குறைவு.

அந்த மாணவன் சில நாள்களாகப் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி விசாரித்தபோதுதான், சக மாணவர்களின் தொடர் துன்புறுத்தல் வெளிப்பட்டது. புகார் எழுந்த பின்னர் அவர்கள் அரிவாளோடு வீட்டுக்கு வந்தனர். பள்ளிக்குப் போக மறுப்பது, பேச்சைக் குறைப்பது, தனித்திருப்பது ஆகியவற்றை மனநலக் கையேடுகள் பதற்றத்தின் அறிகுறிகள் என்று வரிசைப்படுத்தும். அவற்றை மட்டும் கண்ட ஒரு பயிற்றுநர், அந்த மாணவனை அமரவைத்து மூச்சை எண்ணச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அவனுடைய அச்சம் பிழையான எண்ணம் அன்று. தன்னைச் சூழ்ந்திருந்த ஆபத்தை அவன் மனம் சரியாகவே கணித்திருந்தது. எடைபோடாமல் கவனி என்று அவனுக்குச் சொல்வது, அவனைக் காத்த ஒரே கருவியைக் கீழே போடச் சொல்வதாகும்.

இதுவே நம் வாதத்தின் மையம். ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு 'இது அநீதி' என்று எடைபோடும் திறன் ஒரு மனநலக் குறைபாடு அன்று. அது அவளுடைய மனநலத்தின் அடித்தளம். தன்மீது வீசப்படும் இழிவுக்குத் தான் காரணம் இல்லை என்று அறிந்த பிள்ளை உடைவதில்லை. தன்னிடமே குறை இருக்கிறது என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளைதான் உடைகிறாள்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று தன் அறிக்கையை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும், உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் உரக்க வாசிக்காமல் தலைமையாசிரியர் அறையில் தனியாகத் தெரிவிக்க வேண்டும், 500 மாணவர்களுக்கு மேற்பட்ட பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. மனநலம் என்ற சொல்லைத் தலைப்பில் தாங்காத இந்த அறிக்கை, நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல பள்ளி மனநல ஆவணங்களுள் ஒன்று. ஏனெனில் அது மாற்றச் சொல்வது பள்ளியை.

டெல்டாவின் அமைதி

தென் மாவட்டங்களைப் போல டெல்டாவில் அரிவாள் அடிக்கடி வெளிவருவதில்லை என்பதால், இங்கே சிக்கல் இல்லை என்று பலர் கருதுகின்றனர். காவிரிப் படுகையின் ஒழுங்கு நிலத்தால் எழுதப்பட்டது. நிலம் மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. உழைப்பு பண்ணையாள்களிடம் இருந்தது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அந்த உறவுக்குச் சட்டத்தின் கடிவாளம்கூட இல்லை. அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்ற மூன்று பிரிவு ஊரின் வரைபடத்திலேயே இருந்தது. பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் 34 விழுக்காடு. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31 விழுக்காடு.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற தாராசுரம் இப்போது கும்பகோணம் மாநகராட்சியின் ஒரு பகுதி. அதைச் சுற்றிலும் நெல்வயல் ஊர்கள். அவ்வூர்களில் ஒன்றின் சேரியிலிருந்து நகரத்துப் பள்ளிக்கு வரும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தாய் நடவுக்குப் போயிருக்கிறார். தந்தை திருப்பூரில். வகுப்பில் உதவித்தொகைப் படிவம் நிரப்ப 'எஸ்.சி. பிள்ளைகள் எழுந்திருங்கள்' என்ற குரல் எழுகிறது. அவள் எழுகிறாள். நாற்பது கண்கள் திரும்புகின்றன. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. புகார் எழுத எதுவும் இல்லை. அடுத்த பாடவேளையில் கண்களை மூடி, எழும் எண்ணங்களை ஆற்றில் மிதக்கும் இலைகளைப் போல விட்டுவிடச் சொன்னால், அவள் எதை விட வேண்டும்? அந்த நாற்பது கண்களையா? நாளையும் அவை அங்கேதான் இருக்கும்.

இந்தச் சிறுமி நாம் புனைந்துகொண்ட எடுத்துக்காட்டு. ஆனால் அவளை எழுப்பிய வழக்கம் புனைவு அன்று. அதனால்தான் சந்துரு குழு உதவித்தொகைக்கென்றே ஒரு பரிந்துரையை எழுத நேர்ந்தது. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே, தலித் மாணவர்களைக் கழிப்பறை சுத்தம் செய்யவைத்த தலைமையாசிரியை கைது செய்யப்பட்டதும் புனைவு அன்று. 2023 ஆகஸ்ட் 25 அன்று டெல்டாவின் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. பசித்த பிள்ளையின் மனத்திற்கு எந்தத் தியானத்தைவிடவும் பயன்தந்த திட்டம் அது. ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே, தூத்துக்குடி மாவட்டத்தில் தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் தடுத்தனர். தட்டில் இருக்கும் உணவைக் கவனத்தோடு உண்ணும் பயிற்சி மனக்கவன வகுப்புகளில் உண்டு. அந்த உணவைச் சமைத்த கை யாருடையது என்ற கவனம் ஏற்கெனவே நம் பள்ளிகளில் கூர்மையாக இருக்கிறது.

வினைப்பயன் வகுப்பறைக்குள் வந்தபோது

தியானமும் தன்னம்பிக்கை உரையும் எந்த வழியாகப் பள்ளிக்குள் வருகின்றன என்பதும் பார்க்கப்பட வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில், சென்னையின் அரசுப் பள்ளிகளில் மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளர் உரையாற்றினார். ஊனத்தோடும் வறுமையோடும் ஒருவர் பிறப்பதற்கு முற்பிறவி வினைகளே காரணம் என்னும் பொருளில் அவர் பேசினார். பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். காணொளி பரவிய பின் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டனர்.

அன்று எழுந்த கோபம் சரியானது. ஆனால் அதை ஒரு தனிமனிதரின் அத்துமீறலாக மட்டும் கண்டு நாம் கடந்துவிட்டோம். முற்பிறவி வினை என்ற கோட்பாடு சாதியின் முதன்மை நியாயம். சேரியில் பிறந்தது உன் வினை, பொறுத்துக்கொள் என்பதே அதன் உள்ளுரை. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. மனநலம், நெறிமுறை, ஊக்கம் என்ற பெயர்ப் பலகைகளின் கீழ் அந்தப் போதனை நுழைய முடியும் என்பதை அந்த நாள் காட்டியது. சமயச் சாயலற்ற மனக்கவனப் பயிற்சியிலும் இதன் மெல்லிய வடிவம் ஒன்று இருக்கிறது. துன்பத்தின் வேர் உன் மனத்தின் எதிர்வினையில்தான் என்று கற்பிக்கும்போது, வினைப்பயன் என்ற பழைய சொல் இல்லாமலேயே பழி பிள்ளையிடம் வந்து சேர்கிறது.

பௌத்தம் நமக்கு அந்நியமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். தியானம் புத்தரின் வழி. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். அந்த மரபினர் தியானத்தை எதிர்ப்பதா?

எதிர்க்கவில்லை. இந்த மண்ணுக்கே பௌத்தம் புதிதன்று. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது முதலாம் இராசராசன் காலத்தில். ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அதற்கு அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. நாம் கேட்பது எந்தப் பௌத்தம் என்பதையே. மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லுக்கு மூலமான பாலிச் சொல்லின் முதற்பொருள் நினைவு. நினைவில் வைத்திருப்பது என்றால் நடந்ததை மறந்து மிதப்பது அன்று. மேலும் அந்தக் கவனம் எண்வழிப் பாதையின் எட்டில் ஒன்று மட்டுமே. நல்ல பேச்சு, நல்ல செயல், நல்ல வாழ்க்கை வழி ஆகியவை அதற்கு உடன்பிறந்தவை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் மதத்தையும் தம்மத்தையும் வேறுபடுத்துகிறார். மதம் தனிமனிதருக்கு உரியதாக இருக்கலாம், தம்மமோ மனிதர்களுக்கு இடையிலான உறவில்தான் தொடங்குகிறது என்பது அவர் நிலைப்பாடு. அதே நூலில், முற்பிறவி வினையைக் கொண்டு இப்பிறவித் துன்பத்தை விளக்கும் கருத்து புத்தருடையதாக இருக்க முடியாது என்றும் வாதிடுகிறார்.

சாக்குத் துணியில் தனியே அமர்த்தப்பட்டு, ஏவலர் வந்து ஊற்றினால் மட்டுமே தண்ணீர் குடிக்க முடிந்த பள்ளிச் சிறுவனாக இருந்தவர் அவர். அந்தத் தாகத்திற்குத் தேவைப்பட்டது குழாயைத் தொடும் உரிமை.

என்ன கேட்க வேண்டும்?

மூச்சுப் பயிற்சி தேர்வுக்கு முந்தைய படபடப்பைச் சிறிது தணிக்கலாம். தலித் பிள்ளைக்கும் அது கிடைக்கட்டும். ஆனால் ஒரு பள்ளி தியான வகுப்பைத் தொடங்கும்போது, பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதலாவது, ஆலோசகர் எங்கே? 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. விளிம்புநிலைப் பிள்ளைகளை அணுகுவதற்கு ஆசிரியர்கள் பயிற்சி பெற வேண்டும் என்றும், சாதிப் பாகுபாடு குறித்த புகார்களுக்கு வழிமுறை வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. ஐந்து நிமிடத் தியானம் இந்த நியமனத்திற்கு மாற்றாகக் காட்டப்படக் கூடாது. 14416 என்ற மனநல உதவி எண் சுவரில் எழுதப்பட்டிருப்பதும் நல்லது, ஆனால் அதுவும் பள்ளிக்குள் இருக்க வேண்டிய ஒரு மனிதருக்கு ஈடாகாது.

இரண்டாவது, வகுப்பை நடத்துபவர் யார்? எந்த அறக்கட்டளை, என்ன பாடநூல், யார் அனுமதி?

மூன்றாவது, கண்களை மூட விரும்பாத பிள்ளைக்கு மறுக்கும் உரிமை உண்டா? அச்சத்தில் வாழும் பிள்ளைக்கு இருட்டும் அமைதியும் எப்போதும் ஆறுதல் தருவதில்லை.

நான்காவது, அந்த அமைதியில் ஒரு பிள்ளை வாய் திறந்து தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், அந்தச் சொல் எங்கே போகும்? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சொன்ன பிள்ளையைச் சொன்ன அன்றிரவே காக்கும் ஏற்பாடு பள்ளியிடம் இருக்கிறதா? நாங்குநேரியில் அது இல்லை.

ஐந்தாவது, ஆசிரியருக்கு என்ன பயிற்சி? பிரித்தானிய ஆய்வில் பயன் கண்டவர்கள் ஆசிரியர்கள் என்பதை மறக்க வேண்டாம். மனக்கவனம் முதலில் தேவைப்படுவது வருகைப் பதிவேட்டை வைத்திருக்கும் கைக்கும், பெயர் வாசிக்கும் குரலுக்கும்.

தாராசுரம் கோயில் உலகப் பட்டியலில் ஏறிய அதே 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, பக்கத்திலேயே கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்டனர். இப்பகுதியின் பெற்றோர் அந்த நாளை மறக்கவில்லை. அதன்பின் தமிழ்நாடு கேட்டது கூரைகளை அகற்று, வாசல்களை அகலமாக்கு, அனுமதி தந்த அதிகாரியை விசாரி என்றுதான். தீயின் நடுவே பதறாமல் இருக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடு என்று எவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அதைக் கொடுமை என்று சொல்லியிருப்போம். ஓலைக் கூரைகள் பள்ளிகளிலிருந்து இறங்கின. சாதி இன்னும் இறங்கவில்லை. அது இறங்கும்வரை பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லும் உரிமை பள்ளிக்கு இல்லை.